கொழும்புக்குப் போன தலை

எங்கள் லயத்து நாய்களுக்கு வால் கிடையாது. பிறக்கும்போது இருந்தது. துரை கேட்டார் என்று அறுத்துக் கொடுத்துவிட்டோம்.

பழைய மாணவிகள் வீட்டுக்கு வந்து, "அந்தக் காலத்துக் கதை ஏதாவது சொல்லுங்க டீச்சர்" என்று உட்கார்ந்துகொண்டால், இந்த வால் கதையைத்தான் எடுத்துவிடுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதோடு நிறுத்திவிட்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். மிச்சக் கதையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் கோபம் வரும், வந்தால் லேசில் போகாது. இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. அது வயதினால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கொட்டகலையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் போட்டுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. தொழிலாளிகளை வரிசையாக அடைத்துவைத்த லயத்தில் நாய்கள் பெருகுவது மேனேஜர் துரைக்குப் பிடிக்காது. பங்களா நாய்க்குத் தனி அறையும் குளிப்பாட்டத் தனி ஆளும் உண்டு. லயத்து நாய்களைக் கொல்லச் சொல்லி மட்டும் வருஷா வருஷம் உத்தரவு வரும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் குளிரில் நிறுத்திவைத்துப் பெரிய கங்காணி சத்தம் போட்டுச் சொல்வார். நாயைக் கொன்றதற்கு அத்தாட்சியாக அதன் வாலை ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வால் வராத வீட்டுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் கிடையாது என்றால் வேலை கிடையாது.

துரை கேட்டது வாலைத்தானே. எங்கள் ஆட்கள் வாலை மட்டும் நறுக்கினார்கள். வெட்டிய இடத்தில் மஞ்சளும் அடுப்புக்கரியும் வைத்துக் கட்டி, சத்தம் அடங்கும்வரை நாயைக் காட்டோரம் கட்டிவைத்தார்கள். ஆபீஸ் கிளாக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு வால்களைப் பார்த்துவிட்டுக் குழியில் போடச் சொல்வார். ஒரு வாரத்தில் நாய்கள் எல்லாம் மொட்டை வாலோடு லயத்துக்குத் திரும்பிவிடும். ஒரு தடவை துரையே குதிரையை நிறுத்தி, இந்த நாய்களுக்கு ஏன் வால் இல்லை என்று கேட்டாராம். "இந்த மலைக் குளிருக்கு இப்பிடித்தான் பொறக்குதுங்க தொரை" என்றாராம் கணக்கப்பிள்ளை. துரை அதை நம்பிக் கிளப்பில் போய்ச் சொன்னதாகவும் ஒரு பேச்சு இருந்தது.

நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்க எங்களுக்கு வேறு என்ன இருந்தது. ஆபீஸ் எதையாவது கேட்கிறது என்றால் எங்களிடமிருந்து எதையோ பிடுங்கத்தான் கேட்கிறது. அது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் தாத்தா பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள், இல்லை என்றதும் நாட்டையே இல்லை என்றார்கள். ஆகையால் கேட்டதைப் போலவே தெரிகிற ஒன்றைக் கொடுத்துவிட்டு, உண்மையானதை நம்மிடம் வைத்துக்கொள்வது எங்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் ஆகிவிட்டது. அதில் எங்கள் லயத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த லயத்திலும் என் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீர்செய்கிறவர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். மற்றப் பெண்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கிய வயதில் என்னை ஹட்டனில் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். படித்து முடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே உதவி டீச்சராகச் சேர்ந்தேன். அண்ணன், கொழுந்து பறிக்கும் அண்ணி, நான், மூவரும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். நாலாவதாக வாசலில் அண்ணனின் நாய் கிடக்கும். செம்பட்டை நிறம், மொட்டை வால். வாலை அறுத்தபோது அது கடிக்கவில்லை, தன் கையை நக்கியது என்று அண்ணன் வருகிற போகிற ஆளிடமெல்லாம் பெருமையடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாய் சாப்பிட மாட்டேன் என்றது. வாயைத் திறந்தபடி மூலையில் படுத்துக் கிடந்தது. கீழ்த் தாடை தொங்கி, எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. குரைக்கப் பார்த்தால் கரகரவென்று வேறு ஏதோ சத்தம் வந்தது.

"தொண்டையில எலும்பு சிக்கிக்கிச்சு" என்றார் அண்ணன்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாயின் வாயைப் பிளந்து கையை உள்ளே விட்டுத் துழாவினார். எலும்பு எதுவும் அகப்படவில்லை. கையை எடுக்கும்போது மணிக்கட்டிலும் விரல்களிலும் ரத்தம்.

"கடிக்கல பாப்பா. பல்லு பட்டுருச்சு, அவ்வளவுதான்."

நான் வகுப்பில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். வெறிநாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ராகம் போட்டு மனப்பாடம் செய்வித்தவள். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க என்றேன். அண்ணன் சிரித்தார்.

"வெறி புடிச்ச நாயின்னா ஊரெல்லாம் ஓடும், கண்டவங்கள கடிக்கும். இது பாவம், மூலையில படுத்துக் கெடக்கு. இதுக்குப் போயி வெறியா?"

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெறிநோயில் சத்தமில்லாத ஒரு வகை உண்டு, அதில் நாய் ஓடாது, தாடை தொங்கிப் படுத்துவிடும் என்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினேன். அண்ணியும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். தொந்தரவு தாங்காமல் மறுநாள் காலையில் என்னோடு பஸ் ஏறினார் அண்ணன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், சிங்களவர். என்னுடன் இங்கிலீஷில் பேசினார், அண்ணனுடன் தனக்குத் தெரிந்த தமிழில். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியை இன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும், தினமும் வர வேண்டும், வயிற்றில்தான் போட வேண்டும் என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு அந்த மருந்து என்னவென்று சொன்னார். எங்களுக்கு யாரும் அப்படி உட்கார வைத்துச் சொன்னதில்லை. அதனால் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மருந்து ஆட்டு மூளை. நோயை ஆட்டின் மூளையில் வளர்க்கிறார்கள். வளர்ந்த பிறகு மூளையை எடுத்து அரைத்து, கிருமியைக் கொன்று, அந்தக் கரைசலைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். செத்த கிருமியைப் பார்த்து உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். ஆனால் கூடவே ஆட்டு மூளையும் உள்ளே போகிறது அல்லவா. சிலருடைய உடம்பு அதைக் கண்டு குழம்பிப்போய்த் தன்னுடைய சொந்த மூளையையும் தண்டுவடத்தையுமே தாக்க ஆரம்பித்துவிடுமாம். கால் விளங்காமல் போனவர்கள் இருக்கிறார்கள் என்றார். எங்கோ ஒருவருக்குத்தான் அப்படி ஆகும், ஆனால் ஆகும் என்று மறைக்காமல் சொன்னார்.

நான் அதை அண்ணனுக்குச் சொன்னேன்.

"ஆட்டு மூளைய வறுத்துத் தின்னுருக்கோம். இப்ப ஊசியில ஏத்துறாங்களா" என்றார் அண்ணன். டாக்டரும் சிரித்துவிட்டார்.

அதனால்தான் நாயின் தலை வேண்டும் என்றார் டாக்டர். நாய்க்கு நோய் இல்லை என்று தெரிந்தால் ஊசியைப் பாதியில் நிறுத்திவிடலாம், அநியாயமாகக் காலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. இருக்கிறது என்று தெரிந்தால் கால் போனாலும் சரி, கடைசி ஊசிவரை போட வேண்டும். தலையில் அடித்துக் கொல்லக் கூடாது, மூளை சிதையாமல் வர வேண்டும். கொழும்பில் ஆய்வுகூடத்தில் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். அதோடு விடமாட்டார்கள். அந்த மூளையில் கொஞ்சம் அரைத்து எலிகளின் மூளைக்குள் ஏற்றிக் காத்திருப்பார்கள். எலிகள் செத்தால் நாய்க்கு வெறிநோய். எலிகள் ஓடி விளையாடினால் ஒன்றுமில்லை.

என் அண்ணனுக்கு வரப்போவது வருமா வராதா என்று எங்கேயோ கொழும்பில் ஓர் எலி முன்கூட்டியே பட்டுப் பார்த்துச் சொல்லப்போகிறது. எங்களுக்கு முன்னால் போய் நின்று அடி வாங்க அதுவரை யாரும் இருந்ததில்லை. லயத்துக்கு வந்ததும் அன்று சாயங்காலமே அண்ணனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எலியைப் பற்றி, சீவிப் பார்ப்பதைப் பற்றி, காலைப் பற்றி, எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சரி பாப்பா. குடுத்துர்றேன்."

டாக்டர் தோட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் செய்திருந்தார். துரையைப் பற்றி ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் தட்டிக்கழிக்கவில்லை, உடனே உத்தரவு போட்டார். ஆனால் அந்த உத்தரவு எங்களுக்கு எப்படி வந்தது? மறுநாள் விடியற்காலையில், அதே பெரட்டுக் களத்தில், அதே பெரிய கங்காணியின் வாயிலிருந்து வந்தது.

"தொரை ஒத்தரவு. அந்த கவ்வாத்துக்காரன் வீட்டு நாய்த் தலை நாளைக்கு காலையில மருந்துக்காரர்கிட்ட வந்து சேரணும். வரலன்னா பேர் கெடையாது."

ஏன், எதற்கு, யாருக்காக என்று ஒரு வார்த்தை இல்லை. உன் உயிருக்காகத் தலை கேட்கிறோம் என்று சொல்ல அந்த ஆளுக்கு நாக்குச் சுளுக்கிக்கொள்ளுமா? வால் கேட்ட அதே குரல். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் யாரோ, "இந்த வருஷம் தலையாம்டா" என்றார்களாம். களமே சிரித்ததாம். அண்ணனும் சிரித்திருப்பார்.

அதற்கு மறுநாள் காலையில் தலை மருந்துக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. மருந்துக்காரர் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டவர். அவர் பங்களாவிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வாங்கி, ஹட்டன் மீன் கடையிலிருந்து ஐஸ் கொண்டுவரச் செய்து, மரத்தூளும் ஐசும் போட்டுத் தலையை உள்ளே வைத்து மூடியை ஈயத்தால் ஒட்டிவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது டின்னை மட்டும்தான் பார்த்தேன். ராணியின் படம் போட்ட டின். உடம்பைத் தேயிலைக்குப் பக்கத்தில் கருப்பந்தைல மரத்தடியில் புதைத்துவிட்டேன் என்றார் அண்ணன். அண்ணி அழுதுகொண்டிருந்தார். நாய்க்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

கொழும்பு ரயில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான் வளைந்து போகும். அன்றைக்கு அந்த டின் ஏறிப் போன ரயிலின் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்தேன். எதற்கு டீச்சர் என்றார்கள். மரியாதைக்கு என்றேன்.

அண்ணன் தினமும் பஸ்ஸில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். வயிறு வீங்கி, குனிந்தபடி நடந்தார். கொழுந்து பறிக்கும் பெண்கள், "என்னண்ணே, எத்தன மாசம்?" என்று கேலி செய்தார்கள். அவரும் வெட்கப்படுகிறவர் போல முந்தானை இல்லாத தலையில் முக்காடு இழுத்துக் காட்டினார். பிறகு ஒரு நாள் லயத்துப் படியில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் மதமதவென்று மரத்துப்போனது போல இருக்கிறது என்றார். நானும் அண்ணியும் இரண்டு பக்கமும் தாங்கி அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நாங்கள் போனபோது கொழும்பிலிருந்து தந்தி வந்திருந்தது. சீவிப் பார்த்த மூளையில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. எலிகளின் முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் அண்ணனின் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. நாய்க்கு வேறு ஏதாவது இருந்ததா என்று அண்ணனைக் கேட்டார்.

"எலும்பு சிக்கினதுதாங்க ஐயா. வேற ஒன்னும் இல்ல."

ஊசியை நிறுத்தினார் டாக்டர். யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். மூளை சுத்தமாக இருக்கிறது, மருந்து காலைத் தின்கிறது. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

கால் மெல்ல மெல்லத் தேறியது. கொழும்பு எலிகளும் நன்றாக இருக்கின்றன என்று சேதி வந்தது. அண்ணி மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எலிப் படம் வரைந்து, இந்த எலிகள் நமக்காக ஊசி போட்டுக்கொண்டன என்று பாடம் நடத்தினேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எலியைக் கும்பிட்டார்கள். நான்தான் கும்பிடச் சொன்னேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் அந்தக் கரும்பலகையைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல வருகிறது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, ஒரு காலை, பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். அண்ணி பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் வாய்க்குக் கொண்டுபோனார். கை உதறி, கோப்பை சுவரில் போய் விழுந்தது. மறுபடியும் ஊற்றிக் கொடுத்தார். கோப்பையைப் பார்த்ததுமே கழுத்து நரம்பெல்லாம் இழுத்துக்கொண்டது.

"தொண்டையில என்னமோ சிக்குன மாதிரி இருக்கு பாப்பா" என்றார்.

அந்தக் கையில் பழைய காயம் இருந்த இடம் இரண்டு நாளாகக் குறுகுறுக்கிறது என்றும் சொன்னார். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் காற்று முகத்தில் பட்டபோதெல்லாம் துடித்தார். நான் என் சேலையால் அவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் பார்த்தார். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார், அண்ணனின் கழுத்தைக் கவனித்தார், கொண்டுபோகச் சொன்னார். பிறகு என்னிடம் இங்கிலீஷில், இது இருக்க முடியாது, எலிகள் உயிரோடு இருக்கின்றன என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த நோயில் இழுப்பு வந்து போகிற இடைவெளியில் புத்தி தெளிவாகவே இருக்கும். டாக்டர் என்ன சொல்கிறார் என்று அண்ணன் கேட்டார்.

"உங்களுக்கு அந்த நோயா இருக்க முடியாதாம்ணே. கொழும்புல எலியெல்லாம் நல்லா இருக்காம்."

அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"அது நம்ம நாய்த் தலை இல்ல பாப்பா."

டாக்டருக்கு அந்தத் தமிழ் விளங்கியது. பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று மட்டும் கேட்டார்.

"ஆபீசுல தலை கேட்டாங்க ஐயா. ஒரு தலை குடுத்தேன்."

அதை அவர் வெட்கத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடும் சொல்லவில்லை. மழைக்கு ஏன் கம்பளி போட்டுக்கொண்டாய் என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

மிச்சத்தை வார்டுக்கு வெளியே அண்ணி சொன்னார். கங்காணி களத்தில் தலை கேட்ட அன்றைக்கே இறம்பொடையிலிருந்து அண்ணியின் தம்பி வந்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் அண்ணனும் அவரும் நாயின் வாயைக் கட்டிச் சாக்கில் போட்டு, மரக்கறி லொறியில் இறம்பொடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கடைவீதியில் திரிந்த ஒரு செம்பட்டை நாயைப் பிடித்து, டாக்டர் சொன்னபடியே மூளை சிதையாமல் பக்குவமாகத் தலையை எடுத்திருக்கிறார்கள்.

"எலும்புதான் சிக்கியிருக்கு, நல்லாயிரும்னு சொன்னாரு. நல்லா இருக்கிற நாய எதுக்கு பாப்பா கொல்லணும்? கேட்டது ஒரு தலதானே" என்று அழுதார் அண்ணி.

நான் எலியைப் பற்றிச் சொன்னேனே, சீவிப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேனே, தலையை ஆட்டிக் கேட்டாரே என்று கத்தினேன். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கங்காணி, கிளாக்கர், மருந்துக்காரர், துரை, கொழும்பு எல்லாம் அண்ணனுக்கு ஒரே ஆபீஸ். என்னையும் அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார். வெள்ளைச் சேலை கட்டி, இங்கிலீஷ் பேசி, அத்தாட்சி கேட்கிற ஒருத்தி. அந்தச் சேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். பிறகு அதைப் பார்த்து என்னிடமே உண்மையை மறைத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

துரை மேலும்தான். வாலை அறுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். வருஷம் முழுவதும் எங்களிடம் பறிப்பதற்கு மட்டுமே வாயைத் திறந்த ஒரு ஆபீஸ், ஒரே ஒரு தடவை எங்கள் நன்மைக்காக ஒன்றைக் கேட்டது. அதையும் மிரட்டித்தான் கேட்டது. வேறு மாதிரிக் கேட்க அதற்குத் தெரியவில்லை, வேறு மாதிரிக் கேட்டுப் பழக எங்களுக்கும் வாய்க்கவில்லை. இறம்பொடை நாய் என்ன ஆயிற்று என்று அண்ணியைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது, இல்லாத வாலை ஆட்டுகிறது என்று தம்பி லொறிக்காரரிடம் சொல்லியனுப்பினான் என்றார். அதைக் கேட்டுத்தான் அண்ணனும் நிம்மதியாக இருந்திருக்கிறார். ஊசியை நிறுத்தியபோதும் அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

சேதி கேட்டு அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாய் எங்கே என்று கேட்டேன். தரையைப் பார்த்தார்.

"கொண்டுபோன ரெண்டொரு நாள்லயே செத்துருச்சுங்க. சொன்னா மச்சான் மனசு ஒடைஞ்சுருவாருன்னு..."

அவர் கன்னத்தில் அறைந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தவிர என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே ஆள் அவர்தான். அவர் அன்பினால்தான் பொய் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவும் சேர்த்துத்தான் அடித்தேன். டாக்டர் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் அண்ணிக்கும் எனக்கும் ஊசி போட வைத்தார். எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணன் மறுநாள் மத்தியானம் போனார். எப்படிப் போனார் என்று எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு வேண்டாம்.

டாக்டர் என்னையும் அண்ணியையும் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன. அண்ணனின் மூளையிலிருந்து ஒரு சிறு துண்டு வேண்டும் என்றார். கொழும்புக்கு அனுப்ப வேண்டும், இது அந்த நோய்தான் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் கொழும்பில் நம்புவார்கள், அடுத்த ஆளுக்கு என்ன செய்வதென்று யோசிப்பார்கள். நீங்கள் சம்மதித்தால் மட்டும் எடுப்பேன் என்றார். எங்களிடம் யாரும் எதையும் அப்படிச் சம்மதம் கேட்டு எடுத்ததில்லை.

வெளி வராந்தாவில் லயத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் எழுந்துவிட்டார்கள். பிணத்தை அறுக்க விடக்கூடாது, தலையைத் திறந்தால் ஆத்மா சாந்தி அடையாது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனுஷர், அண்ணனோடு ஒரே மலையில் கவ்வாத்து வெட்டியவர். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர்கிட்ட சரின்னு சொல்லுங்க டீச்சரம்மா. லயத்துல ஒரு தடவ கும்புட்டுட்டு கொண்டாறோம்னு சொல்லி ஒடம்ப வாங்கிக்கிட்டுப் போயிருவோம். அப்புறம் பொதைச்சிருவோம். ரொம்ப கேட்டாங்கன்னா, ஆட்டு மூளை ஒரு துண்டு குடுத்தா யாருக்குத் தெரியப்போவுது?"

அண்ணன் இன்னும் உள்ளேதான் கிடந்தார். உடம்பு ஆறியிருக்காது. அதற்குள் இந்தப் பேச்சு. நான் அந்த வராந்தாவில் நின்று என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நர்ஸ்மார் ஓடிவந்தார்கள் என்பது மட்டும் ஞாபகம். தமிழில் இருக்கிற கெட்ட வார்த்தைகள் எல்லாம் ஒரு டீச்சருக்கு இவ்வளவு தெரியுமா என்று பிறகு தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டார்களாம்.

அண்ணிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"குடுத்துருவோம் பாப்பா. இந்த வாட்டியாவது கேட்டத குடுப்போம்."

உள்ளே போய் டாக்டரிடம் அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. டின் வேண்டியிருக்கவில்லை. சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று போதுமாக இருந்தது. அதைச் சுற்றி ஐஸ் வைத்து மூடியதை நான் கடைசிவரை நின்று பார்த்தேன். அன்றைக்கே ரயிலில் போயிற்று. அண்ணனைத் தலையில் வெள்ளைத் துணி கட்டி லயத்துக்குக் கொண்டுபோய், முறைப்படி செய்து புதைத்தோம். பள்ளிக்கூடத்தில் அழித்தும் அழியாமல் இருந்த எலிப் படத்தை ஈரத் துணியால் தேய்த்து எடுத்தேன்.

சில வாரம் கழித்து டாக்டர் வரச் சொல்லி ஆளனுப்பினார். வகுப்பை முடித்துவிட்டுப் போனேன். எழுந்து நின்று, தமிழிலேயே சொன்னார்.

"எலி எல்லாம் செத்துப்போச்சு, டீச்சர்."

சரிங்க என்றேன். எங்கள் லயத்திலிருந்து கேட்டது கேட்டபடியே போனது அது ஒன்றுதான்.